கேட்டலும் கூலியும்

1889ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவர் ஒருவரை, அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த பெண்மணி கடிந்துகொண்டார். அம்மையார் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்தவர், கணவரை இழந்தவர். உடலில் பழுது ஏதும் இல்லாதிருந்தும் வலியும் அச்சமும் அவரை விடாமல் வாட்டின. மருத்துவரோ முப்பத்து மூன்று வயதே ஆன இளைஞர். இந்த வலி எப்போது தொடங்கியது, அந்த அச்சம் எதனால் வந்தது என்று ஓயாமல் வினவிக்கொண்டிருந்தார். இப்படி வினவிக்கொண்டே இராமல், தாம் சொல்ல வந்ததைச் சொல்ல விடவேண்டும் என்று அம்மையார் சினந்து கூறினார். மருத்துவரும் இணங்கி வாய் மூடினார். அந்த இளைஞரே சிக்மண்டு பிராய்டு. யோசேப்பு பிராயருடன் சேர்ந்து 1895இல் வெளியிட்ட நூலில், இந்நிகழ்ச்சியை அவரே மறைக்காமல் எழுதிவைத்தார்.

உளப்பகுப்பாய்வு என்னும் மருத்துவ முறை பிறந்த நாளாக ஆய்வாளர்கள் பல நாள்களைக் குறிப்பர். மருத்துவர் வாய் மூடிச் செவி திறந்த அந்த நாளுக்கும் அவற்றிடையே ஓர் இடம் உண்டு. கேட்டல் என்பது ஒரு தொழிலாக உருப்பெறத் தொடங்கியது அவ்வாறுதான். பிராய்டு 1891இல் பெர்க்காசே என்னும் தெருவின் 19ஆம் எண் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். 1938இல் நாட்டை விட்டு வெளியேறும் வரை அங்கேயே வாழ்ந்தார். அவ்வீட்டு அறையில் ஒரு சாய்வுக் கட்டில். நோயாளி அதில் படுத்திருப்பார். தலைமாட்டில், நோயாளியின் கண்ணுக்குப் படாத இடத்தில், மருத்துவர் அமர்ந்திருப்பார். மனத்தில் தோன்றியது எதுவாயினும், அற்பமானது, வெட்கத்துக்குரியது என்று எதையும் ஒதுக்காமல் நோயாளி சொல்லிக்கொண்டே போகவேண்டும். குறித்த நேரம் முடிந்ததும் எழுந்து செல்லவேண்டும். கட்டணத்தையும் தவறாமல் செலுத்தவேண்டும்.

இன்று உலகின் பல நகரங்களில் உளவியலார் இவ்வாறே தனி அறை வைத்து, சிறுவர் முதல் முதியோர் வரை எல்லா வயதினரின் உள்ளக் குமுறலையும் கேட்கின்றனர். கேட்டதற்குக் கட்டணம் பெறுகின்றனர். மருந்துக்கு விலை உண்டு. அறுவை மருத்துவருக்கு ஊதியம் உண்டு. அவற்றை யாரும் குறை கூறுவதில்லை. ஆனால் செவிக்கு விலையா? அழுகின்ற ஒருவர் அருகே அமர்ந்து, கடிகாரத்தைப் பார்த்து, பணம் பெற்றுக்கொண்டு கேட்பது அறமாகுமா? விலைக்குப் பெற்ற பரிவு பரிவுதானா?

தமிழில் ‘கேள்’ என்னும் சொல்லுக்குச் செவியால் கேட்டல் என்பதும் பொருள். உறவு என்பதும் பொருள். சுற்றத்தாரைக் கேளிர் என்பது பழைய வழக்கு. இவ்விரு சொற்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையா என்பதை மொழிநூலார் ஆராயட்டும். ஒருவர் துன்பத்தைக் கேட்க வேண்டியவர் அவருடைய உறவினரே என்னும் எண்ணம் தமிழரிடம் ஆழ வேரூன்றியது என்பதில் ஐயமில்லை. கேட்பவர் கேளிராகவே இருத்தல் வேண்டும். கேளிர் கேட்டதற்குக் கூலி பெறுவது இழிவு. ஆகவேதான் வியன்னா மருத்துவரின் அறை தமிழ் உள்ளத்துக்குச் சற்றே கூச்சத்தைத் தருகிறது.

ஆனால் கேளிரின் செவி விலையற்றதுதானா? கணவனின் குடிப்பழக்கத்தைத் தமக்கையிடம் சொல்லி அழுத பெண், அடுத்த திருமண வீட்டில் மூன்று பேர் தன்னைப் பரிவோடு பார்ப்பதைக் காண்கிறாள். தந்தையிடம் மனக்குறையைச் சொன்ன மகனுக்கு அறிவுரை கிடைக்கிறது. அதைப் பின்பற்றாவிட்டால் அடுத்தமுறை கதவு அடைபடுகிறது. தாயிடம் சொன்னாலோ, தாய் அழத் தொடங்கிவிடுகிறாள். சொல்ல வந்தவனே அவளைத் தேற்ற வேண்டியவனாகிறான். நண்பரிடம் சொன்னால், பாதியில் அவர் தம் கதையைத் தொடங்கிவிடுகிறார். இவர்களில் யாரும் தீயவர் அல்லர். அன்பு உடையவர்கள் என்பதாலேயே இவர்களால் வாளா இருந்து கேட்க இயலவில்லை. சொன்னவருடைய வாழ்வில் இவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சொல்லப்படும் ஒவ்வொரு செய்தியும் அந்தப் பங்கைத் தொடுகிறது. உறவினர் பணம் கேட்பதில்லை. அவர்களுக்குச் செலுத்தப்படுவது வேறு. அதை அளந்து எழுதிவைக்கக் கணக்கேடு இல்லை என்பதே வேறுபாடு.

அளந்து எழுதிவைக்கலாம் என்று துணிந்து கூறியவர் பிராய்டு. சிகிச்சையைத் தொடங்கும் முறை பற்றி 1913இல் அவர் எழுதிய கட்டுரை, பணத்தைப் பற்றிப் பேசும் துணிவுக்காகவே படிக்கத்தக்கது. பண்புள்ள மக்கள் காமத்தைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு பொய்யும் நாணமும் காட்டுகின்றனரோ, பணத்தைப் பற்றிப் பேசும்போதும் அவ்வளவு காட்டுகின்றனர். மருத்துவரே அந்தப் பொய்ந்நாணத்தை முதலில் விடவேண்டும் என்பது அவர் கருத்து. ஒவ்வொரு நோயாளிக்கும் நாளில் ஒரு குறிப்பிட்ட மணி நேரம் குத்தகைக்கு விடப்படுகிறது. அவர் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரம் அவருடையதே. அதற்குரிய தொகையும் அவர் பொறுப்பே. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது, இசையும் மொழியும் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் இந்த ஏற்பாடு வழக்கத்தில் உள்ளதுதானே என்று பிராய்டு எழுதினார். ஆசிரியரை மருத்துவர் தமக்குச் சான்றாக அழைத்த அரிய இடங்களுள் இது ஒன்று.

நேரம் எவ்வளவு கண்டிப்பாக அளக்கப்பட்டது என்பதற்கு ஒரு செய்தி உண்டு. 1921இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆபிராம் கார்டினர் என்னும் மருத்துவர், மணிக்குப் பத்து டாலர் கொடுத்துப் பிராய்டிடம் பயின்றார். ஐந்து பேருக்கு வாரத்தில் ஆறு மணி வீதம் முப்பது மணி நேரமே பிராய்டிடம் இருந்தது. வந்தவர்களோ ஆறு பேர். யாரைத் திருப்பி அனுப்புவது என்று தெரியாமல் திகைத்தபோது, ஆறு பேருக்கு ஐந்து மணி வீதம் கொடுத்தாலும் அதே முப்பதுதான் என்று மகள் அன்னா கணக்குச் சொன்னாராம். கார்டினர் தம் நினைவுக் குறிப்பில் இதைச் சொல்கிறார். மனித உள்ளத்தின் ஆழத்தை அளக்க வாரத்துக்கு ஆறு நாள் வேண்டுமா, ஐந்து நாள் போதுமா என்பதைப் பெருக்கல் வாய்பாடு முடிவு செய்தது என்று நகைப்பவர் நகைக்கலாம்.

1913ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதைவிட ஆழ்ந்த கருத்து ஒன்றும் உண்டு. ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் பிராய்டு நாள்தோறும் ஒரு மணி நேரத்தையும், சில வேளைகளில் இரண்டு மணி நேரத்தையும் இலவசச் சிகிச்சைக்கு ஒதுக்கிவைத்தார். அதனால் எதிர்பார்த்த பயன் விளையவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. கட்டணம் இல்லாத இடத்தில் நோயாளியின் உள்ளம் மேலும் முரண்டுகிறது. சிறப்பாக இளைஞர்கள், நன்றி செலுத்தவேண்டிய கடமையை எதிர்த்து நிற்கின்றனர் என்றார். பணம் பெறுபவரே பணத்தின் நன்மையை எடுத்துரைத்தால், கேட்பவருக்கு ஐயம் எழுவது இயல்பு. தராசு பிடிப்பவன் தராசுக்குச் சான்று கூறுவது போன்றது அது. எனினும் ‘நன்றி’ என்னும் அந்த ஒரு சொல்லைத் தள்ளிவிட இயலாது. அதன் உண்மையைப் பிராய்டின் வாதத்தைவிட அவருடைய நோயாளி ஒருவரின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

செர்கேய் பங்கேயெவ் உருசிய நாட்டுப் பெருநிலக்கிழாரின் மகன். 1910இல் பிராய்டிடம் வந்தபோது தாமாக உடுத்திக்கொள்ளவும் வலுவற்றவராக இருந்தார். செல்வமோ அளவின்றி இருந்தது. நான்கு ஆண்டுகள் கட்டணம் செலுத்திச் சிகிச்சை பெற்று, 1914ஆம் ஆண்டுக் கோடையில், போர் மூளும் தறுவாயில், நலம் பெற்று ஊர் திரும்பினார். சிறு வயதில் அவர் கண்ட கனவொன்றில், சன்னலுக்கு வெளியே மரக்கிளையில் வெள்ளை ஓநாய்கள் அமர்ந்திருந்தன. அதனால் உளப்பகுப்பாய்வு நூல்களில் அவருக்கு ‘ஓநாய் மனிதர்’ என்றே பெயர். பின்னர் உருசியப் புரட்சி வந்தது. நிலமும் செல்வமும் போயின. 1919இல் வியன்னாவுக்கு வந்து, மீண்டும் சில திங்கள் பிராய்டிடம் சிகிச்சை பெற்றார். இம்முறை கட்டணம் இல்லை. அது மட்டுமா? பிராய்டு தம் நண்பர்களிடமும் மாணவர்களிடமும் ஆண்டுதோறும் பணம் திரட்டி, ஆறு ஆண்டுகள் அவருக்குக் கொடுத்துவந்தார். அந்தப் பணத்தால் அவர் நோயுற்ற மனைவியின் மருத்துவச் செலவைச் சமாளித்தார். வீட்டு வாடகை கொடுத்தார்.

பிராய்டின் அன்புச் செயலை யாரும் பழிக்க முடியாது. ஆனால் அதன் பின் நடந்ததைக் காணவேண்டும். 1922இல் உருசியாவிலிருந்து வந்த ஒருவர், பங்கேயெவின் குடும்ப நகைகளில் எஞ்சியவற்றைக் கொண்டுவந்து அவரிடம் சேர்த்தார். பங்கேயெவ் அதைப் பிராய்டிடம் சொல்லவில்லை. சொன்னால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்னும் அச்சம். மனத்தில் தோன்றியது எதையும் மறைக்காமல் சொல்வது என்னும் ஒரே ஒரு விதியின் மேல் ஆண்டுக்கணக்காகக் கட்டப்பட்ட உறவு அது. கட்டணம் செலுத்திய காலத்தில் அந்த மனிதர் தம் வெட்கத்தையெல்லாம் மறைக்காமல் சொன்னார். கொடை பெறத் தொடங்கியதும் ஒரு பெட்டி நகையை மறைத்தார். சில ஆண்டுகளில் அவருடைய உள்ளம் மீண்டும் நோயுற்றது. மூக்கில் ஏற்பட்ட சிறு குறை ஒன்றைப் பெரிதாக எண்ணி, கண்ணாடியும் கையுமாகத் திரிந்தார். 1926இல் பிராய்டு அவரைத் தம் மாணவி ரூத் மாக் பிரன்சுவிக்கிடம் அனுப்பினார். நகையை மறைத்த செய்தி அந்தச் சிகிச்சையில்தான் வெளிவந்தது. அம்மையார் 1928இல் அதை எழுதி வெளியிட்டார்.

இந்த வரலாற்றின் ஒளியில் பார்த்தால், கட்டணம் எதை விலைக்கு வாங்குகிறது என்பது ஓரளவு புலப்படுகிறது. நோயாளி பரிவை விலைக்கு வாங்குவதில்லை, கடனின்மையை வாங்குகிறார். கேட்டவருக்கு நன்றி செலுத்த வேண்டாம். அவர் மனம் நோகுமோ என்று அஞ்ச வேண்டாம். அவர் சொற்படி நடக்க வேண்டாம். விரும்பினால் அவரை வெறுக்கவும் செய்யலாம். எழுந்து சென்றபின் பாக்கி ஒன்றும் இல்லை. ஆசிரியர் பெறும் ஊதியத்தோடு பிராய்டு இதை ஒப்பிட்டது நேரத்தைப் பொறுத்த வரையில் பொருந்தும், மற்றொன்றில் பொருந்தாது. ஆசிரியர் கொடுப்பதற்காக ஊதியம் பெறுகிறார். உளவியலாரோ பெரும்பாலும் கொடாமல் இருப்பதற்காக ஊதியம் பெறுகிறார். தம் அறிவுரையை, தம் வாழ்க்கைக் கதையை, தம் தீர்ப்பை, பாராட்டப்பட வேண்டும் என்னும் தம் ஆசையை அவர் அந்த ஒரு மணி நேரம் அடக்கிக்கொள்ள வேண்டும். அது எளிய வேலை அன்று. இங்கிலாந்தில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் விளங்கிய தொனால்டு வினிகாட்டு, 1947இல் ஆற்றிய சொற்பொழிவில் இதை வெளிப்படையாகவே பேசினார். நோயாளியிடம் மருத்துவருக்கு வெறுப்பும் எழும். நேரம் முடிந்தது என்று கூறி எழுவதும் கட்டணம் பெறுவதும் அந்த வெறுப்பு நேர்மையாக வெளிப்படும் வழிகள் என்றார். அன்பின் பெயரால் வெறுப்பை ஒளித்துவைக்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அவர் கூற்றின் கடுமை குறையும்.

இவ்வளவும் சரியே என்றால், பணம் இல்லாதவர் கதி என்ன? கடனின்மை நலம் தரும் மருந்தாயின், அம்மருந்து செல்வருக்கு மட்டும் உரியதா? இந்த வினாவைப் பிராய்டே தமக்கு எதிராக எழுப்பினார். 1918 செப்டம்பரில், போர் முடியும் முன்பே, புடாபெசுட்டு நகரில் கூடிய மாநாட்டில் அவர் பேசினார். ஏழைக்கு அறுவைச் சிகிச்சை பெற உள்ள உரிமை, உள்ள நோய்க்குச் சிகிச்சை பெறவும் உண்டு. காசநோயைப் போலவே உளநோயும் பொது நலத்தைக் கெடுப்பது. ஒரு நாள் சமுதாயத்தின் மனச்சான்று விழிக்கும். அப்போது கட்டணமில்லாத மருத்துவ நிலையங்கள் தோன்றும் என்றார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இலவசச் சிகிச்சையில் பயன் காணாத அதே மருத்துவர் அவர்.

அந்த நாள் வரக் காலம் ஆகவில்லை. 1920 பிப்ரவரியில் பெர்லினில் ஒரு மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. மாக்சு ஐத்திங்கோன் என்னும் மருத்துவர் குடும்பச் செல்வத்தைக் கொண்டு அதன் செலவில் பெரும்பகுதியைத் தாங்கினார். 1922இல் வியன்னாவிலும் அத்தகைய நிலையம் ஒன்று தோன்றியது. மருத்துவர்கள் தம் உழைப்பு நேரத்தில் ஒரு பகுதியை அதற்கு இலவசமாகக் கொடுத்தனர். பெர்லினில் நோயாளிகள் தம்மால் இயன்றது என்று தாமே கருதியதைக் கொடுத்தனர். இயலாதவர் ஒன்றும் கொடுக்கவில்லை. வருவோரின் சொல்லே சான்று. 1922இல் ஐத்திங்கோன் அளித்த அறிக்கையில், கட்டணம் செலுத்துவதும் செலுத்தாமையும் சிகிச்சையின் போக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்று கூறினார். பிராய்டின் பழைய கருத்துக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டுவதில்லை.

அப்படியானால் ஓநாய் மனிதர் நகையை ஏன் மறைத்தார்? பெர்லின் ஏழைகளுக்கு நேராத முரண்பாடு அவருக்கு மட்டும் ஏன் நேர்ந்தது? கொடுத்த கை எது என்பதில் விடை இருக்கிறது. பெர்லினில் நோயாளியின் எதிரே அமர்ந்து கேட்டவர் வேறு. செலவைத் தாங்கியது ஒரு நிலையம். கேட்பவருக்கு நோயாளி கடன்படவில்லை. பங்கேயெவுக்கோ, கேட்ட செவியும் கொடுத்த கையும் ஒருவருடையவை. தீங்கு இலவசத்தில் இல்லை. கேட்பவரே கொடையாளியாகும்போது அவர் மீண்டும் கேளிர் ஆகிவிடுகிறார். கேளிருக்கு உரிய பழைய வரிகள் எல்லாம் திரும்பி வந்துவிடுகின்றன. செல்வர் தம் பணத்தால் பெறும் விடுதலையை ஏழைக்கு ஒரு சமுதாயம் பெற்றுத்தர முடியும் என்பதை அந்த நிலையங்கள் காட்டின. காட்டிய காலம் நெடிதாக அமையவில்லை. 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதராகிய ஐத்திங்கோன் பெர்லினை விட்டு வெளியேற நேர்ந்தது. 1938இல் வியன்னா நிலையமும் மூடப்பட்டது.

கட்டணம் பெறும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வழக்கும் அக்காலத்தில் எழுந்தது. தியோடர் ரைக்கு மருத்துவம் படிக்காதவர். உளவியலில் பட்டம் பெற்றவர். அவர் சிகிச்சை அளித்தது சட்டத்துக்கு மாறானது என்று வியன்னாவில் குற்றம் சாட்டப்பட்டபோது, 1926இல் பிராய்டு ஒரு தனி நூலே எழுதி, உடல்நூல் கற்றவருக்கு மட்டும் இத்தொழில் உரியதன்று என்று வாதிட்டார். உளவியலார் தனி அறை வைத்து இப்பணியைச் செய்யலாம் என்னும் கொள்கைக்கு அந்நூல் ஓர் அரண். ரைக்கு 1948இல் எழுதிய நூலுக்கு ‘மூன்றாம் செவியால் கேட்டல்’ என்பது பெயர்.

வளர்ந்தவர் தாமே வந்து, தாமே கொடுத்து, தாமே எழுந்து செல்கிறார். முதியோருக்கும் இது பொருந்தும். ஐம்பதை நெருங்கியவர்களின் உள்ளம் வளையாது என்று 1904இல் பிராய்டு பேசினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அவருடைய தலைசிறந்த நூல்களுள் பல அதற்குப் பின் எழுந்தவை. நோயாளியின் வயதைவிட நோயின் வயதே முக்கியம் என்று 1919இல் கார்ல் ஆபிரகாம் திருத்தினார். முதியோரைப் பற்றி இவ்வளவு போதும். கடினமான வினா குழந்தையைப் பற்றியது. குழந்தை தானாக வருவதில்லை, பணமும் கொடுப்பதில்லை. நோய் ஒருவருடையது, பணம் மற்றொருவருடையது என்றால், அந்தச் செவி யாருடையது?

1900 அக்டோபரில் வியன்னாவின் தொழிலதிபர் ஒருவர், பதினெட்டு வயதான தம் மகளைப் பிராய்டிடம் கொண்டுவந்து ஒப்படைத்தார். நூல்களில் அப்பெண்ணுக்கு ‘தோரா’ என்று பெயர். தந்தைக்கும் குடும்ப நண்பர் ஒருவரின் மனைவிக்கும் தகாத உறவு இருந்தது. அந்த நண்பரோ தோராவிடம் தகாத முறையில் நடந்துகொண்டார். அவள் வீட்டில் முறையிட்டாள். அது அவளுடைய கற்பனை என்று தந்தை தள்ளிவிட்டார். அந்தக் குடும்பத்தோடு உறவை முறித்துக்கொள்ளும்படி அவள் விடாமல் வற்புறுத்தவே, அவளுக்கு நல்ல புத்தி சொல்லித் திருத்தவேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டார். தந்தை வாங்க விரும்பியது மகளின் நலத்தையன்று, மகளின் மௌனத்தை என்பது தெளிவு.

பிராய்டு தந்தையின் கையாளாகவில்லை. மகள் சொன்ன நிகழ்ச்சிகள் மெய்யே என்று நம்பினார். அதுவரையில் அவர் செய்தது பெரிது. அந்நகரில் அவளை நம்பியவர் வேறு யார்? ஆனால் நம்பியதோடு நிற்காமல், அவள் உள்ளத்தின் அடியில் அந்த நண்பர்மீது காதல் இருப்பதாகவும், அதை அவள் ஒப்புக்கொள்ள மறுப்பதாகவும் விடாமல் விளக்கினார். 1889இல் ஒரு பெண்மணி கற்றுக்கொடுத்த பாடம் பதினோர் ஆண்டுகளில் மறந்துபோயிற்று என்றே தோன்றுகிறது. டிசம்பர் 31ஆம் நாள் தோரா வந்து, இதுவே தன் கடைசி நாள் என்றாள். அம்முடிவை எடுத்து இரண்டு வாரம் ஆயிற்று என்று அறிந்ததும், வேலைக்காரி கொடுக்கும் முன்னறிவிப்புப் போல் இருக்கிறதே என்றார் பிராய்டு. வேலைக்காரி அவளா? அந்த அறையில் கூலி பெற்றுக்கொண்டிருந்தவர் அவள் அல்லளே. தன்னைக் கேட்பதற்காக அமர்த்தப்பட்டவர் கேட்கவில்லை என்று கண்டு அவரை நிறுத்திவிட்டவள் அவள். பணம் தந்தையுடையதாயினும், எழுந்து செல்லும் உரிமை தன்னுடையது என்பதைப் பதினெட்டு வயதில் அறிந்திருந்தாள்.

ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த உரிமையும் இல்லை. பிராய்டின் மகள் அன்னா இதை நன்கு உணர்ந்திருந்தார். அவர் மருத்துவர் அல்லர். வியன்னாப் பள்ளியொன்றில் சில ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றியவர். தமக்கு நோய் இருப்பதாகக் குழந்தைகள் உணர்வதில்லை. சிகிச்சைக்கு வருவது என்ற முடிவு பெற்றோருடையது. குணமாக வேண்டும் என்ற விருப்பமும் பெரும்பாலும் பெற்றோருடையதே என்று தம் சொற்பொழிவுகளில் கூறினார். 1927இல் அவை நூலாயின. ஆகவே முதலில் குழந்தையின் நம்பிக்கையைப் பெறவேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு குழந்தையின் பொம்மைகளுக்கெல்லாம் அவர் உடை பின்னிக் கொடுத்தார். விளையாட்டையே பேச்சாகக் கொண்டு உடனே சிகிச்சையைத் தொடங்கலாம் என்று மெலனி கிளைன் அம்மையார் மறுத்தார். அந்தச் சண்டை இலண்டனில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. அதன் விவரம் இங்கு வேண்டுவதில்லை. இரு தரப்பாரும் நாள்தோறும் சந்தித்த இக்கட்டு ஒன்றே. அறைக்கு வெளியே, பணம் கொடுத்த தாய் காத்திருக்கிறாள்; குழந்தை உள்ளே என்ன சொன்னான் என்று அறியத் துடிக்கிறாள். அவள் கேள்வியில் தவறு இல்லை. ஆனால் விடை சொல்லப்பட்டால் அடுத்த வாரம் குழந்தை பேசாது. மாணவன் தனியே வந்து சொன்னதை மறுநாள் தந்தையிடம் சொல்லிவிட்ட ஆசிரியருக்கு இந்த மௌனம் பழக்கமானதே.

இங்கேதான் கட்டணத்தின் அறம் முழுமையாகச் சோதிக்கப்படுகிறது. பணம் கொடுத்தவர் கேட்டவரை வாங்கிவிடவில்லை என்றால், அவர் என்ன வாங்கினார்? தம் பணத்தால், தமக்குத் தெரியாத ஓர் இடத்தைத் தம் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்தார் என்றே கொள்ளவேண்டும். தம்மைப் பற்றிய குறைகளும் அங்கே சொல்லப்படும்; அவற்றைக் கேட்பவருக்குத் தாமே ஊதியம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அத்தகைய ஈகை எளிதில் கைவருவதன்று. குழந்தை தேறித் தன் மனத்தைப் பேசத் தொடங்கும்போது, அடங்கியிருந்த பிள்ளை கெட்டுவிட்டது என்று எண்ணிச் சிகிச்சையை நிறுத்திவிடும் பெற்றோரும் உண்டு. அவர்களைத் தடுக்க உளவியலாருக்கு உரிமை இல்லை. தாம் கேட்டதை வெளியில் விற்காமல் இருக்கும் உரிமை ஒன்றே அவர் கையில் எஞ்சுகிறது.

அந்த உரிமையும் மீறப்பட்டதுண்டு. பணத்துக்காக அன்று, அறிவுக்காக. தோராவின் வரலாற்றைப் பிராய்டு 1905இல் வெளியிட்டார். பெயரை மாற்றினார், ஆண்டுகள் காத்திருந்தார், ஆனால் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் எந்த நோயாளியும் இசையமாட்டார் என்பதை முன்னுரையில் அவரே எழுதினார். அறிவியலுக்குச் செய்யவேண்டிய கடமை என்று தம் செயலுக்குக் காரணம் காட்டினார். பங்கேயெவ் 1979இல் வியன்னாவில் இறந்தார். பல ஆண்டுகள் காப்பீட்டு நிறுவனமொன்றில் எழுத்தராக வேலை செய்தவர். உலகம் அவரை அறிந்தது ஓநாய் மனிதர் என்னும் பெயரால்தான். கட்டணம் செலுத்தினால் கடன் தீர்ந்துவிடுகிறது என்னும் கணக்கில் இந்த வரவு எங்கே எழுதப்படும்? சொன்னவருடைய கதை கேட்டவருடைய உடைமை ஆகிவிடுகிறதே! ஒரு மணி நேரத்தைக் குத்தகைக்கு விட்டவர், அந்த நிலத்தில் விளைந்ததைத் தாமே அறுத்துக்கொண்டு போவதற்கு எந்தப் பத்திரத்திலும் இடம் இல்லை.

1909இல் பிராய்டு வெளியிட்ட மற்றொரு வரலாறு, குதிரையைக் கண்டு அஞ்சித் தெருவுக்கு வர மறுத்த ஐந்து வயதுச் சிறுவன் ஆன்சுவைப் பற்றியது. சிகிச்சை அளித்தவர் அவனுடைய தந்தை, பிராய்டின் நண்பர். மகன் பேசியதையெல்லாம் தந்தை எழுதிக்கொண்டு வந்து கொடுக்க, பிராய்டு வழிகாட்டினார். சிகிச்சைக்காகச் சிறுவனை அவர் நேரில் கண்டது ஒரே ஒரு முறை. அச்சம் நீங்கிற்று. கட்டணம் இல்லை; கேட்டவர் தந்தையே. 1922இல் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் பிராய்டைக் காண வந்து, தாமே அந்தச் சிறுவன் ஆன்சு என்றார். நலமாக இருந்தார். தம்மைப் பற்றிய வரலாற்றைப் படித்தபோது அதில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, யாரோ ஒருவருடைய கதை போல் இருந்தது என்றார். கும்முண்டன் என்னும் ஊருக்குச் சென்ற பயணத்தைப் பற்றிய பகுதியில் மட்டும், அந்தப் பையன் தாமாக இருக்கலாமோ என்ற மங்கிய எண்ணம் ஒன்று அவருக்கு எழுந்ததாம்.